நிரூபணம் செய்யுக

பூமியில் மனிதன் பரீட்சை எழுதத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, கேள்விக்குப் பதில் எழுதி ஜெயித்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. ஜெயித்தவர்கள் எல்லாரும் பக்கத்தை நிறைத்தவர்கள். கேள்வி என்பது கல்யாண வீட்டு வாசலில் கட்டும் வாழைக்குலை மாதிரி ஓர் அலங்காரம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குப் பந்தியில் இடம் கிடைக்காது.

இது ஷைஜுவின் கண்டுபிடிப்பு. பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் செல்லையனின் சாயக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவன் இதை அறிவித்தபோது, முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவனும் இதே முகத்தோடுதான் வீட்டுக்குப் போயிருப்பான். எதிரே பழம்பொரி தின்றுகொண்டிருந்த ஈசாக், அப்படியானால் முதல் செமஸ்டர் சமூகவியல் பேப்பரில் நீ மூன்று தடவை விழுந்தது எப்படி என்று கேட்டான். ஈசாக்குக்கு இப்படி நேரடியாகக் கேட்கிற கெட்ட பழக்கம் உண்டு.

ஷைஜு கோபப்படவில்லை. மொத்தம் முப்பது பேப்பர், இருபத்தொன்பதை இந்த வழியில்தான் தாண்டியிருக்கிறான். மிச்சம் நிற்பது 'சமூகவியலுக்கு ஓர் அறிமுகம்' மட்டும். அதைத் திருத்துகிறவர், கேள்வியையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் துஷ்ட புத்திக்காரர். அப்படிப்பட்டவர் எல்லாத் தொழிலிலும் ஒருத்தர் இருப்பார். அவர் பென்ஷன் ஆகும்வரை பொறுத்திருக்க ஷைஜு தயார்.

"இருபத்தொம்பது பேருக்குக் கண்ணு தெரியாது, ஒருத்தனுக்குத் தெரியும். கணக்குப் பாத்தா எனக்க தத்துவம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு செரியாக்கும்," என்றான்.

ஈசாக் ஒத்துக்கொண்டான். பழம்பொரி ஷைஜு வாங்கிக் கொடுத்தது.

இந்தத் தத்துவம் சாயக்கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடு வந்திருக்காது. ஆனால் அந்த வருஷம் அவன் வீட்டிலேயே ஒருத்தி பரீட்சை எழுத வேண்டி வந்தது. அவனுடைய அம்மா.

சத்தியபாய் ஊர் அங்கன்வாடியில் பதினெட்டு வருஷமாக ஹெல்ப்பர். ஹெல்ப்பர் என்றால் காலையில் கதவைத் திறந்து, பெருக்கி, கஞ்சியும் பயறும் வைத்து, இருபத்திரண்டு குழந்தைகளின் முன்னும் பின்னும் கழுவி, தூங்கவைத்து, எழுப்பி, டீச்சர் ஞானபாய்க்குத் தொண்டை கட்டின நாட்களில் பாட்டும் சொல்லிக்கொடுத்து, கடைசியில் கதவைப் பூட்டுகிறவள். டீச்சர் என்றால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவள். இந்த வித்தியாசத்தை சத்தியபாய் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மே மாதம் ஞானபாய் ஓய்வு பெறுகிறாள் என்று தெரிந்த அன்று, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று சேலை மடிப்பை டீச்சர்மாதிரி பின் குத்திப் பார்த்துவிட்டு, உடனே அவிழ்த்துக் கொசுவிச் செருகிக்கொண்டதை ஷைஜு பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவனுக்கும் அந்த அளவு நாகரிகம் உண்டு.

டீச்சர் ஆவதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். 'குழந்தைப் பராமரிப்பு: ஓர் அறிமுகம்' என்ற ஆறு மாதப் படிப்பு. சனிக்கிழமைதோறும் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. மார்ச்சில் ஒரே பரீட்சை. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் போதும். ஆனால் நாற்பத்தாறு வயது தாண்டியவர்களுக்கு இடமில்லை. சத்தியபாய்க்கு ஜூன் வந்தால் நாற்பத்தாறு முடிகிறது. இந்தத் தடவை விட்டால் பிறகு கடைசிவரை அகப்பைதான். இதை அவளும் சொல்லவில்லை, வீட்டில் வேறு யாரும் சொல்லவில்லை. லாரியில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு அம்பூரிக்கும் கோட்டயத்துக்கும் போய்வரும் அப்பா ராஜதாஸ் மட்டும், போனில் பேசும்போதெல்லாம் முதலில் "டீச்சர் என்ன செய்யுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கேள்வித்தாள் மலையாளத்தில் வரும். விடையைத் தமிழில் எழுதலாம். எல்லையோரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்காக அந்தச் சலுகை. சத்தியபாய் மலையாளம் பேசினால் திருவனந்தபுரத்துக்காரிகூடத் தோற்றுப்போவாள். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு பாஷையும் ஒரே நாக்கின் இரண்டு ஓரம். ஆனால் அச்சில் வரும் மலையாளத்தை அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். பேச்சில் இல்லாத கனமான சொல் வந்தால், வழியில் பாம்பைக் கண்டதுபோல நின்றுவிடுவாள்.

இது வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. படிப்பின் பொறுப்பாளர் தேவகுமார் எல்லாருக்கும் ஒரு மஞ்சள் நிறச் சிறு புத்தகம் கொடுத்தார். 'விடை எழுதுவது எப்படி?' என்று தலைப்பு. கேள்வியை இரண்டு தடவை படி. அதிலுள்ள வினைச்சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடு. அந்தச் சொல் உன்னிடம் என்ன கேட்கிறது என்று பார்: பெயர் சொல்லவா, விளக்கவா, ஒப்பிடவா? புரியாவிட்டால் ஹாலில் நிற்கிறவரிடம் கேட்கலாம், சொல்லின் பொருள் மட்டும் சொல்லித்தருவார். மார்க்குக்குத் தக்கபடி நேரம் பிரித்துக்கொள். கடைசிப் பக்கத்தில், பரீட்சையில் வரக்கூடிய மலையாள வினைச்சொற்கள் இருபதும் நேரே தமிழ்ப் பொருளும்.

இரண்டு வீடு தள்ளி இருந்த ஜினியும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பாறசாலையில் துணிக்கடையில் நிற்கிறவள், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவளும் சத்தியபாயும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து, பழைய கேள்விகளை எடுத்து, கோடு போட்டுப் போட்டுப் பழகுவார்கள். 'விசதமாக்குக' என்றால் விளக்கு. கோடு. 'தாரதம்யம் செய்யுக' என்றால் ஒப்பிடு. கோடு.

ஷைஜுவுக்கு இதைவிட நல்ல தமாஷ் அந்த வருஷம் கிடைக்கவில்லை. செல்லையன் கடையில் அவன் அதை நடித்தே காட்டினான். சாயாக் கிளாஸை இரண்டு தடவை பார்ப்பான். கீழே விரலால் ஒரு கோடு போடுவான். இந்தச் சாயா என்னிடம் என்ன கேட்கிறது என்று கண்ணை மூடி யோசிப்பான். பிறகு ஈசாக்கிடம், இது குடிக்கச் சொல்கிறதா, ஒப்பிடச் சொல்கிறதா என்று கவலையோடு விசாரிப்பான். செல்லையன் ஆறிப்போகும் என்பார். வீட்டிலும் விடவில்லை. அம்மா தேங்காய் திருவ உட்கார்ந்தால், முதலில் தேங்காய்க்கு அடியில் கோடு போடச் சொல்வான். அவள் சிரித்துவிட்டு, "போலே சப்ளிக்காரா," என்பாள். அந்த ஊரில் தோற்ற பேப்பரைத் திரும்ப எழுதுவதற்கு சப்ளி என்று பெயர். அந்தச் சொல் மட்டும் ஷைஜுவுக்குக் கொஞ்சம் குத்தும்.

ஜனவரியில் மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். சத்தியபாய் முப்பத்தெட்டு. எழுதினதெல்லாம் சரி. ஆனால் கோடு போட்டு, யோசித்து, அளந்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நான்கு கேள்வியைத் தொடவே இல்லை. ஜினி அறுபத்தொன்பது. அன்று சத்தியபாய் வந்து, உடுப்பு மாற்றாமல், பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் ஷைஜுவுக்குத் தன் தத்துவம் உலகத்துக்குப் பயன்படும் நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது. அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றுதான் என்று அவன் நினைத்ததில்தான் கோளாறு.

மறுநாள் முதல் அவன் பொறுப்பேற்றான். மஞ்சள் புத்தகத்தை அலமாரிக்கு மேலே எறிந்தான். கேள்வியில் நிற்கக் கூடாது. பார்த்ததும் தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பத்து மார்க்குக்கு மூன்று பக்கம், பதினைந்துக்கு நான்கு. ஹாலில் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முகத்தில் எழுதி ஒட்டினமாதிரி. முக்கியமாக, உதாரணம். உதாரணம் இருந்தால் திருத்துகிறவன் அப்படியே டிக் போட்டுவிட்டுப் போவான்.

"உதாரணம் ஓர்மை வரல்லெங்கி?" என்று அம்மா கேட்டாள்.

"உண்டாக்கணும். அவன் என்ன, வந்து பாக்கவா போறான்?"

பிப்ரவரியில் இரண்டாவது மாதிரிப் பரீட்சை. ஐம்பத்துநான்கு. ஒரு கேள்விகூட விடவில்லை. சத்தியபாய் பேப்பரைத் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவனிடம் காட்டினாள். ஷைஜு அதை போனில் படம் எடுத்து ஈசாக்குக்கு அனுப்பினான். அந்த ஐம்பத்துநான்கிலும் தேவகுமார் இரண்டு இடத்தில் 'கேட்டது இது அல்ல' என்று எழுதியிருந்தார். படத்தில் அந்தப் பக்கம் வரவில்லை.

பரீட்சை நாளன்று காலையில் அவளுடைய பையைச் சரிபார்த்தவனும் அவன்தான். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர்க் குப்பி. சின்னப் பென்சில் ஒன்று ஒளிந்திருந்தது. எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று மணி நேரம் அவன் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றான். வெயில் சுட்டது. தனக்காக எழுதிய முப்பது பரீட்சையிலும் செய்யாத வேலையாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதடவை போனில் மணி பார்த்தான். அம்மா வெளியே வந்தபோது அவள் முகம் வேர்த்து, சிவந்து, சின்னப் பெண் மாதிரி இருந்தது. எல்லாம் எழுதினாளாம். பேப்பர் கூடுதல் வாங்கினாளாம். வாழ்க்கையில் முதல் தடவையாம்.

பாறசாலை பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். ஜினிக்கு முன் சீட்டில் இடம் கிடைத்தது, அம்மாவும் மகனும் பின்னால். அமரவிளை தாண்டும்போது அவள் பதினைந்து மார்க் கேள்வியைச் சொன்னாள். கூட்டிக் கூட்டிப் படித்து மனப்பாடமே ஆகியிருந்தது.

"'அடிச்சு வளர்த்தியாலே குட்டி நன்னாவூ என்ன தாரணயெ நிரூபணம் செய்யுக.' நான் நல்லா நிரூபிச்சுப் போட்டேன் மக்கா. நாலு பக்கம்."

அடித்து வளர்த்தால்தான் குழந்தை உருப்படும் என்பதை அவள் நிரூபித்திருந்தாள். ஷைஜு தொடையில் தட்டினான். ஆனால் அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆறு மாசமாக எல்லா வகுப்பிலும் குழந்தையை விரல் நுனியால்கூடத் தொடக் கூடாது என்று படிப்பித்துவிட்டு, பரீட்சையில் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? எழுதத் தொடங்கும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கோடு போடலாம் என்று பென்சிலைத் தேடினாளாம். ஹாலில் நின்ற சாரைக் கூப்பிடலாம் என்று பாதி எழுந்தாளாம். பிறகு மகன் சொன்னது நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாளாம். படித்தவர்கள் கேட்கிறார்கள், நாம் முடியாது என்று சொல்ல முடியுமா?

"வகுப்பு வேற, பரீட்சை வேற அம்மா. ரெண்டும் வேற வேற டிப்பார்ட்மென்ட்," என்றான் ஷைஜு. சொன்னபிறகு, இதையும் செல்லையன் கடையில் சொல்ல வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டான்.

முன் சீட்டில் ஜினி பாதி திரும்பினாள். வாயைத் திறந்தாள். சத்தியபாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தவள், பாறசாலை வரும்வரை தலையைத் திருப்பவே இல்லை. பொறாமை என்று ஷைஜு முடிவு செய்தான்.

ரிசல்ட் ஏப்ரலில் வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை, போன் வந்தது. சத்தியபாய் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவள் பின் குத்திய சேலையோடு கிளம்பினாள். நேரில் கூப்பிடுகிறார்கள் என்றால் முதல் ரேங்க்காக இருக்கும் என்று ஷைஜுதான் சொல்லியிருந்தான். கூடவே போனான்.

தேவகுமார் கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொன்னார். அங்கன்வாடி சூப்பர்வைசர் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். மேசையில் சத்தியபாயின் விடைத்தாள், ஒரு பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. தேவகுமார் அதை எடுத்து, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தார்.

"'அடித்து வளர்த்தால்தான் குழந்தை நன்றாகும் என்பதை என் அனுபவத்தால் நிரூபிக்கிறேன். எங்கள் அங்கன்வாடியில் கஞ்சி குடிக்காத குழந்தையை நான் அகப்பைக் காம்பால் முட்டுக்குக் கீழே அடிப்பேன். உடனே குடிக்கும். அழும் குழந்தையை ஸ்டோர் ரூமில் இருட்டில் நிறுத்துவேன். அழுகை நின்றுவிடும். என் மகனைத் தினமும் புளியங்கம்பால் அடித்தேன். அவன் இன்று பி.ஏ. பட்டதாரி.'"

வாசித்துவிட்டு அவர் ஷைஜுவைப் பார்த்தார். சூப்பர்வைசரும் பார்த்தார். அடி வாங்கிய அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பதுபோல.

அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட உண்மை இல்லை. கடைசி வரி உட்பட. சத்தியபாய் யாரையும் அடித்தவள் இல்லை. கோழியைக்கூட 'போ மக்களே' என்றுதான் விரட்டுவாள். கஞ்சி குடிக்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, போகிற ரயிலுக்கு ஒரு வாய், லாரிக்கு ஒரு வாய் என்று ஊட்டுகிறவள். ஆனால் அந்த மேசையில் இருந்தது அவளுடைய கையெழுத்து. அழகான, நிதானமான, வரி பிசகாத கையெழுத்து.

"நிரூபிக்கத்தானே சார் கேட்டது?" என்று அவள் கேட்டாள்.

தேவகுமார் விடைத்தாளை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மலையாளத்தில் நிரூபணம் என்றால் விமரிசனம். அந்தக் கருத்தில் என்ன பிழை, என்ன சரி என்று அலசிச் சொல்வது. நிரூபிக்கச் சொல்வதாக இருந்தால் 'தெளியிக்குக' என்று போட்டிருப்பார்கள். மஞ்சள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதிமூன்றாவது சொல். தமிழ்க்காரர்கள் ஏமாறுவார்கள் என்றுதான் அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தது.

மொத்தம் நாற்பத்தேழு. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். நான்கு பக்கத்துக்குப் பதிலாக 'அடிக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட மூன்று மார்க் கிடைத்திருக்கும். அந்த மூன்று போதும். திருத்தியவர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் மலையாளத்தில் எழுதியிருந்தார்: 'இவரெ குட்டிகளுடெ அடுத்து நிர்த்தருது.' இவரைக் குழந்தைகளிடம் நிறுத்தக் கூடாது. அதைப் படிக்க சத்தியபாய்க்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

ஷைஜு பேசினான். தான்தான் சொல்லிக்கொடுத்தது, உதாரணம் எல்லாம் உண்டாக்கியது, அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது என்று மலையாளத்தில் தொடங்கி, தமிழுக்கு வந்து, நடுவில் இங்கிலீஷையும் போட்டு, நீளமாகப் பேசினான். பக்கம் நிறைந்தது. சூப்பர்வைசர் கடைசிவரை கேட்டுவிட்டு, அப்படியானால் உன் அம்மா பரீட்சையில் பொய் எழுதினாள் என்று எழுதித்தருகிறாயா என்று கேட்டார். அது நேரான கேள்வி. ஷைஜு அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

திரும்பி வந்து ஜினியிடம்தான் அவன் முதலில் பாய்ந்தான். பஸ்ஸிலேயே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?

"பறஞ்சிருந்தா என்ன செய்வ? பேப்பர் கட்டி சீல் வச்சாச்சு," என்றாள் அவள். "மாமி அத்தன சந்தோஷமாட்டு இருந்தாங்க. அந்த ஒரு பஸ் யாத்திரையெங்கிலும் இருக்கட்டும்னு நினைச்சேன்." பிறகு, "ரெண்டு மாசம் நான் கூட இருந்து கோடு போட வச்சேன். அந்தச் சொல் வாறதுக்கு முந்தின வாரம், நீ வந்து புத்தகத்தத் தூக்கி எறிஞ்ச," என்றாள். இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. குழந்தைகளின் அம்மாக்கள் பதினேழு பேர் வந்து, சத்தியபாய் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொன்னார்கள். ஐந்து பேர் வரவில்லை. அதில் ஒருத்தி, தன் பிள்ளையின் முட்டுக்குக் கீழே ஒருநாள் ஒரு சிவப்புத் தடம் கண்டதாக யாரிடமோ சொன்னாள். கொசு கடித்த தடமாக இருக்கும். ஆனால் எழுத்தில் வந்தபிறகு கொசுவுக்கு யார் சாட்சி? கடைசியில் வேலை போகவில்லை. ஹெல்ப்பராகத் தொடரலாம். குழந்தைகளோடு தனியாக மட்டும் இருக்கக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

ராஜதாஸ் போனில் டீச்சர் என்று கேட்பதை நிறுத்தினார். பழையபடி, "அம்ம எங்கலே?" என்று கேட்டார்.

ஜூனில் அங்கன்வாடி திறந்தபோது ஜினி டீச்சர். நேர்முகத்தில் முதலில் வந்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் சத்தியபாயை மாமி என்றே கூப்பிட்டாள், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது மட்டும் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் காலையில் ஷைஜு அந்த வழியாக பைக்கில் போனான். ஜினி வரத் தாமதம். கதவு பூட்டிக் கிடந்தது. பதினெட்டு வருஷம் அந்தக் கதவைத் திறந்தவள் மதிலோரம் மழைச்சாரலில் நின்றிருந்தாள். சீக்கிரம் கொண்டுவிடப்பட்ட ஒரு மூன்று வயதுப் பெண்குழந்தை, தூக்கச் சொல்லி அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சத்தியபாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். குழந்தையின் அம்மா எதிர் ஓரத்தில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷைஜு வண்டியை நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் அவன் அடுக்களைக்குப் போனான். அவள் மரச்சீனிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். மேலிடத்துக்கு ஒரு அப்பீல் எழுதப்போவதாகச் சொன்னான். எல்லாவற்றையும் விளக்கமாக.

"எத்தன பக்கம் மக்கா?" என்று கேட்டாள்.

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கிழங்கை இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் போட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"ஒன்ன ஒரு அடி நான் அடிச்சதில்ல," என்றாள். "அந்த நாலு பக்கம் இருக்கில்லா. இப்பம் ஆலோசிச்சுப் பாத்தா, நான் எளுதினது செரியாக்கும்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டாள். மீன்கறி வழக்கம்போல இருந்தது.

செல்லையன் கடையில் ஈசாக் எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை ஷைஜு தானாகவே விளக்கம் சொன்னான்: தப்பு பாஷையில்தான், தத்துவத்தில் இல்லை. இரண்டு பாஷைக்காரனுக்கு ஒரே சொல்லைக் கொடுத்து இரண்டு பொருள் வைத்தவன் எவனோ, அவனைப் பிடித்து அடிக்க வேண்டும். ஈசாக் சாயாவைக் குடித்துவிட்டு, "நாளைக்கு ஒனக்கு சப்ளி இல்லியா?" என்றான். ஆமாம் என்றான் ஷைஜு. அதுக்கென்ன, இந்தத் தடவை ஐந்து பக்கம் என்றான்.

மறுநாள் காலேஜில் பரீட்சை ஹால். நாலாவது தடவை என்பதால் பெஞ்சு, கரும்பலகை, ஓட்டைவழி ஒழுகும் மூலை எல்லாம் அவனுக்குப் பழக்கம். இந்தத் தடவை தோற்றால் பட்டம் கிடைக்க இன்னொரு வருஷம். சமூகவியலுக்கு ஓர் அறிமுகம். கேள்விகள் இங்கிலீஷில். பதினைந்து மார்க் கேள்வி, குடும்பம் என்ற அமைப்பைப் பற்றியது. குடும்பம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவன் கை தானாகவே பேனாவின் மூடியைக் கழற்றியது. குடும்பத்தைப் பற்றி ஐந்து பக்கம் அவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் அதற்குள் முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

ஷைஜு பேனாவை மூடினான்.

கேள்வியை ஒருதடவை படித்தான். உதடு அசையாமல் இன்னொரு தடவையும் படித்தான். பிறகு எழுந்து நிற்காமல், கையை முழுசாகத் தூக்காமல், ஹாலில் நடந்துகொண்டிருந்த டீச்சரைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தான். அவர் குனிந்ததும், ஒரு பென்சில் கிடைக்குமா என்று மிகவும் சின்னக் குரலில் கேட்டான். கொடுத்தார்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது கையால் கேள்வித்தாளை மறைத்து, வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போட்டான். ரொம்பவும் மெல்லிசாக, அழித்தால் தெரியாத அளவுக்கு.